போரில் இருப்பது வைக்கோல் அல்ல

சென்ற இதழின் நடுப்பக்கத்தில், பிரெஞ்சு ஓவியர் கிளோத் மோனே வயலில் அடுக்கிய போர்களை 1890-91இல் வரிசையாகத் தீட்டிய படங்களில் இரண்டை அச்சிட்டிருந்தோம். ஒன்று, பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் கோடைக் கடைசிப் படம். மற்றது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் பனிப் படம். இரண்டுக்கும் அடியில் 'வைக்கோற்போர்கள்' என்று போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் போரைப் பற்றித்தான் கேட்டிருக்கின்றன. வயல் தெரிந்தவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதானே!

படத்தில் இருக்கும் போர் எங்கள் களத்து வைக்கோற்போர் மாதிரி இல்லை. கீழே சுவர் எழுப்பியதுபோல் நிற்கிறது, மேலே குடிசைக்கு வேய்ந்ததுபோல் கூம்பாக முடிகிறது. மாட்டுத் தீவனத்துக்கா இவ்வளவு சிரத்தை?
— திருவாரூர் வாசகர்

தப்பு எங்களுடையது. அந்தப் போரில் இருப்பது தீவனம் இல்லை, அடிக்காத கோதுமைக் கதிர்க்கட்டு. மோனே வைத்த பிரெஞ்சுப் பெயருக்குப் 'போர்கள்' என்று மட்டுமே பொருள். எதன் போர் என்று அந்தச் சொல் சொல்லாது. ஆங்கிலத்தில் அதை 'ஹேஸ்டாக்' ஆக்கினார்கள், அதாவது உலர்ந்த புல்லின் போர். அங்கிருந்து நாம் எடுத்து வைக்கோலாக்கினோம். கோதுமை புல்லாகி, புல் வைக்கோலாகி, கடைசியில் மணி எல்லாம் உதிர்ந்துபோனது! சிகாகோ கலைக்கழகம் போன்ற இடங்களில் இப்போது 'கோதுமைப் போர்' என்றே பெயர் எழுதுகிறார்கள்.

நம்மிடம் சரியான சொல் இருக்கிறது: கதிர்ப்போர். அறுத்துக் கட்டிய கட்டுகளை அடுக்கிவைத்து, பிறகு பிரித்து அடிப்பதைத்தான் போரடித்தல் என்கிறோம். அடித்து முடித்த பிறகு மிஞ்சுவதைக் குவித்தால்தான் அது வைக்கோற்போர். மோனேயின் படத்தில் அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை. 15 முதல் 20 அடி உயரத்துக்கு நிற்கும் அந்தக் கூம்புக்குள் ஒரு விவசாயியின் அந்த ஆண்டு வருமானம் இருக்கிறது. அதனால்தான் அத்தனை சிரத்தை.

எங்களிடம் சூடு (கதிர்ப்போர்) வைத்தால் கூடியவரை சீக்கிரம் அடித்துவிடுவோம். மழையும் பனியும் கொட்டும் நாட்டில் மாதக்கணக்காக வயலிலேயே விட்டால் தானியம் முளைத்துவிடாதா? எப்படிச் சமாளித்தார்கள்?
— கிளிநொச்சி வாசகர்

முளைக்கும், போர் வைக்கத் தெரியாதவன் வைத்தால். வடக்கு பிரான்சிலும் இங்கிலாந்திலும் போர் வைப்பதற்கென்றே கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். சூடு வைத்துப் பழகியவர் நீங்கள் என்பதால் வேலையின் வரிசையைச் சொல்கிறோம். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே வேறுபடுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஜூலை, ஆகஸ்டில் அறுப்பு. அறுத்த கதிரை அதே தாளால் முறுக்கிய பிரியால் கட்டி, கட்டுகளைப் பத்துப் பத்தாக ஒன்றோடொன்று சாய்த்து, கதிர் மேலே பார்க்க வயலில் நிறுத்துவார்கள். ஒன்றிரண்டு வாரம் காற்றாடவேண்டும். இதில் அவசரப்பட்டால் பிற்பாடு எவ்வளவு அழகாக அடுக்கினாலும் பிரயோசனம் இல்லை. பச்சையோடு அடுக்கிய போர் உள்ளே புழுங்கிச் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், மணி கறுத்துவிடும். சந்தேகம் வந்தால் போருக்குள் நீண்ட இரும்புக் கம்பியைச் சொருகிவைத்து, சற்றுப் பொறுத்து உருவித் தொட்டுப் பார்ப்பார்கள். கை பொறுக்காத சூடாக இருந்தால் போரைப் பிரித்து ஆறப்போட்டு மறுபடி அடுக்குவதைத் தவிர வழியில்லை.

அடித்தளத்துக்கு விறகுச் சுள்ளிக் கட்டோ பழைய வைக்கோலோ பரப்புவார்கள். மண்ணின் ஈரம் ஏறாது, எலிக்கும் கொஞ்சம் தடை. அதன்மேல் கட்டுகளை வட்டமாக அடுக்குவார்கள். கதிர் உள்பக்கம், தாளின் வெட்டுமுனை வெளிப்பக்கம். மழை எவ்வளவு அடித்தாலும் நனைவது தாளின் நுனி மட்டும்தான்.

சூட்சுமம் நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு வரிசை வைக்கும்போதும் போரின் நடுப்பகுதி ஓரத்தைவிட உயரமாக இருக்கவேண்டும். அப்போதுதான் எல்லாக் கட்டுகளும் வெளிப்பக்கம் சரிந்து படுத்திருக்கும்; தண்ணீர் உள்ளே புகுந்தாலும் தாள்வழியே வழிந்து வெளியே வந்துவிடும். நடுவைக் கவனிக்காமல் ஓரத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு போனால், போர் தன் பாரத்தில் அமுங்கும்போது நடு குழியாகும். கட்டுகள் உள்பக்கம் சாயும். பெய்கிற மழை முழுக்கக் கதிருக்குப் போகும். வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. பிரிக்கிற நாளில்தான் பச்சை முளையும் நாற்றமும்.

இரண்டாவது, சுவர். அது நேராக எழும்புவதில்லை. அடியைவிடத் தோள் சற்று அகலமாக இருக்கும்படி வெளியே தள்ளிக்கொண்டே போவார்கள். கூரையிலிருந்து சொட்டும் நீர் சுவரில் படாமல் தரையில் விழுவதற்காக. மோனேயின் படங்களை இப்போது மறுபடி பாருங்கள். போரின் இடுப்பு குறுகி, தோள் விரிந்து, அதன்மேல் கூம்பு உட்கார்ந்திருக்கும். படம் பார்ப்பவர்கள் இதை ஓவியர் கண்ட அழகான வடிவம் என்பார்கள். வடிவத்தைத் தீர்மானித்தவன் போர் வைத்தவன். மோனே அதை மாற்றாமல் விட்டார். உச்சியில் வைக்கோல் வேய்ந்து, பிரியும் முளைக்குச்சியும் கொண்டு இறுக்கிவிட்டால் குளிர்காலம் தாங்கும்.

ஏன் அத்தனை மாதம் விட்டார்கள் என்றால், அடிப்பதற்கு ஆளும் இயந்திரமும் உடனே கிடைக்காது. பழைய வழக்கம், குளிர்காலம் முழுக்கக் கொட்டகைத் தரையில் கோலால் அடிப்பது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீராவி இயந்திரத்தோடு சேர்ந்த கதிரடிக்கும் பொறி வந்தது. அதைச் சொந்தமாக வாங்கச் சிறு விவசாயிக்குக் கட்டாது. வாடகைப் பொறி ஊர் ஊராக வரும், முறைவைத்துத்தான் கிடைக்கும். சில போர்கள் மார்ச் வரைகூடக் காத்திருக்கும். பொறி வந்த அன்று பத்துப் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் வேண்டும்: போர்மேல் நின்று கட்டைத் தள்ள, பிரியை அறுக்க, பொறிக்கு ஊட்ட, மூட்டை பிடிக்க, வைக்கோலை ஒதுக்க, கரியும் தண்ணீரும் சுமக்க. மழை வரும்போலிருந்தால் கூரையைப் பிரிக்கவே மாட்டார்கள்.

அன்றாட வாழ்க்கையைத் தீட்டியவர்கள் மோனே முதலான இம்ப்ரஷனிஸ்டுகள் என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் படங்களில் ஓர் ஆளைக்கூடக் காணோமே, யாருடைய வாழ்க்கை?
— மதுரை வாசகி

கேட்கவேண்டிய கேள்வி. 25 படம் தீட்டியும் போர் வைத்தவனுக்கோ அடித்தவனுக்கோ மோனே இடம் தரவில்லை. போர், அதன் பின்னால் மரவரிசை, சில கூரைகள், அப்பால் மலைக்கோடு, வானம். அவ்வளவுதான்.

பாரிசில் ஓர்சேக்குப் போகிறவர்கள் இந்தப் படத்தையும் மோனேக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியர் மியேயின் 1857ஆம் ஆண்டு 'கதிர் பொறுக்குவோர்' படத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம். மியேயின் படத்திலும் போர்கள் இருக்கின்றன, தூரத்தில், வெயிலில், வண்டியும் ஆட்களுமாக. குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளன் சின்னதாகத் தெரிகிறான். முன்னால், நிழல் படிந்த தரையில், மூன்று பெண்கள் குனிந்து, அறுத்த வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். போர் யாருக்கு, சிந்தியது யாருக்கு என்பது ஒரே பார்வையில் புரிந்துவிடும். மோனே அந்தத் தூரத்துப் போரை முன்னுக்கு இழுத்து வந்தார், பெண்களை வெளியே அனுப்பிவிட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

எல்லா இம்ப்ரஷனிஸ்டுகளும் அப்படியில்லை. மோனே 1883இல் குடியேறிய ஜிவெர்னி, எப்த் என்ற சிற்றாறு சேன் நதியில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே எப்த் ஆற்றின் மேல்பகுதியில் எராஞி என்ற ஊர். அங்கே 1884 முதல் இருந்தவர் இன்னொரு இம்ப்ரஷனிஸ்டான பிஸ்ஸாரோ. அவருடைய வயல்களிலும் தோப்புகளிலும் பெண்கள் புல் புரட்டுவார்கள், ஆப்பிள் உலுக்குவார்கள். ஒரே ஆறு, ஒரே காலம், இரண்டு கண்.

அதற்காக மோனேயின் படத்தில் வாழ்க்கை இல்லை என்று சொல்லமுடியாது. பொருளின் வடிவத்தில் இருக்கிறது. அந்த 1880கள் பிரெஞ்சுக் கோதுமை விவசாயிக்குச் சோதனையான காலம். ரயிலும் நீராவிக் கப்பலும் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான கோதுமையைக் கொண்டுவந்து கொட்டின. சூயஸ் கால்வாய் வழியாக நம் நாட்டுக் கோதுமையும் ஐரோப்பாவுக்குப் போனது. விலை சரிந்ததால் பிரெஞ்சு அரசு 100 கிலோவுக்கு 1885இல் 3 பிராங்க், 1887இல் 5 பிராங்க் என்று இறக்குமதி வரியை ஏற்றிக்கொண்டே போனது. இந்தப் பின்னணியில், விளைச்சல் நிறைந்த இரண்டு போர்கள் அசையாமல் நிற்கும் படத்தை வாங்கியவர்கள் பாரிஸ், நியூயார்க், சிகாகோ நகரத்துப் பணக்காரர்கள். கிராமம் சௌக்கியமாக இருக்கிறது என்று அந்தப் படம் அவர்களுக்குச் சொன்னது. அந்தச் சமாதானம் கொஞ்சம் சுலபமாகக் கிடைத்துவிட்டது என்பது எங்கள் எண்ணம். படம் அதனால் மட்டமாகிவிடாது. பார்க்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே போரை 25 தடவை தீட்டினால் போரடிக்காதா?
— சேலம் கல்லூரி மாணவர்

போரை அடித்திருந்தால் ஒரு தடவையோடு முடிந்திருக்கும்! அடிக்காமல் நின்றதால்தான் 25.

இரண்டு கேன்வாஸ் போதும், வெயிலுக்கு ஒன்று, மப்புக்கு ஒன்று என்று நினைத்துத்தான் ஆரம்பித்ததாக மோனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தீட்டிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் மாறிவிட்டது. மாறிய வெளிச்சத்தை அதே கேன்வாஸில் திருத்தினால் இரண்டும் கெடும். அதனால் துணைக்கு வந்த பிளான்ஷை (அவர் வீட்டிலேயே வளர்ந்த பெண்; பின்னாளில் மோனேயின் மனைவியான ஆலிஸின் மகள்) வீட்டுக்கு அனுப்பி இன்னொரு கேன்வாஸ் எடுத்துவரச் சொன்னார், பிறகு இன்னொன்று. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு கேன்வாஸ்; அந்த வெளிச்சம் போனதும் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும். மறுநாள் அதே நேரத்துக்கு அதே வெளிச்சம் வந்தால் பழையதைத் தொடரலாம். வராவிட்டால் காத்திருக்கவேண்டும்.

எனவே படத்துக்குப் படம் மாறுவது போர் அல்ல, நேரம். 1891 மே மாதம் பாரிசில் ஓவிய வியாபாரி துராந்-ருயேலின் கூடத்தில் 22 படங்களை வைத்தபோது அவற்றில் 15 இந்தப் போர்கள்தான். தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும் படம் பக்கத்தில் இருப்பதோடு சேரும்போது பேசத் தொடங்கும். ஒன்றில் ஆரஞ்சாக இருக்கும் கூம்பு அடுத்ததில் ஊதா. இரண்டும் ஒரே வைக்கோல் கூரை. சில நாட்களிலேயே எல்லாம் விற்றுப்போயின. இன்று அவை உலகெங்கும் சிதறிவிட்டன. சிகாகோ கலைக்கழகத்தில் மட்டும் 6 சேர்ந்து இருக்கின்றன, வேறெங்கும் அவ்வளவு இல்லை.

இன்னொன்று. 1896இல் மாஸ்கோவில் இந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்த காண்டின்ஸ்கிக்கு (பிற்பாடு ஓவியரான ரஷ்யர்) அது போர் என்றே தெரியவில்லை. விவரப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பொருள் தெரியாமலே ஒரு படம் மனதைப் பிடிக்குமென்றால் பொருள் எதற்கு என்று யோசித்தார். பிற்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்த இடம், பொருளே இல்லாத அரூப ஓவியம். ஒரு கிளிநொச்சி விவசாயியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தால் அவருக்கு அந்தக் குழப்பம் வந்திருக்காது.

பனிப் படத்தில் நிழல் நீலமாக இருக்கிறது. நிழல் கறுப்பு அல்லவா? கற்பனையா, அச்சுப் பிழையா?
— நாகர்கோவில் வாசகி

இரண்டும் இல்லை. வெயில் படாத இடத்துக்கு வெளிச்சமே இல்லை என்று அர்த்தமில்லை. வானத்தின் வெளிச்சம் அங்கே விழுகிறது. தெளிந்த வானம் நீலம், எனவே நிழலும் நீலம். பனி வெண்மையாக இருப்பதால் அது அப்படியே தெரிகிறது. செம்மண்ணில் மறைந்துவிடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். மேகமில்லாத நாளில் காலை 7 மணிக்கு மொட்டைமாடியில் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் ஒரு சொம்பை வையுங்கள். கறுப்புத் தாளைக் குழலாகச் சுருட்டி, அதன் வழியே முதலில் வெயில் படும் தாளை மட்டும், பிறகு நிழலை மட்டும் மாறி மாறிப் பாருங்கள். ஐந்தாறு தடவைக்குள் நீலம் பிடிபடும். தவறுவது எங்கே என்றால்: பக்கத்தில் மஞ்சள் அல்லது சிவப்புச் சுவர் இருந்தால் அதன் நிறம் நிழலில் விழும். மப்பு நாளில் வித்தியாசம் தெரியாது. கைப்பேசியில் எடுத்தால் தானியங்கி நிறத் திருத்தம் நீலத்தைத் துடைத்துவிடும், அதை 'வெயில்' என்ற நிலையில் நிறுத்தி எடுக்கவேண்டும். தாளுக்குப் பதில் வேட்டி விரிக்கிறவர்கள் நீலம் போட்ட வேட்டியை விரிக்கவேண்டாம்! (அந்தப் பழைய தூள் நீலமும் ஓவியர்களின் செயற்கை அல்ட்ராமரினும் ஒரே சரக்கு.)

இதில் கண்ணின் பங்கும் உண்டு. பாரிஸ் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாய வேதியியலாளராக இருந்த ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, நீல நூலுக்குப் பக்கத்தில் வைத்ததால் கறுப்பு வெளிறித் தெரிந்தது. பக்கத்து நிறம் நம் கண்ணில் எதிர்நிறத்தைக் கூட்டிவிடுகிறது என்று 1839இல் அவர் புத்தகமாகவே எழுதினார். அந்தி வெயிலின் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் நிழல், இருப்பதைவிட நீலமாகத் தெரிவதற்கு அதுவே காரணம். வானம் பாதி, கண் பாதி.

எண்ணெய் வண்ணத்தில் வெளியில் போய்த் தீட்டிப் பார்த்தேன். அரை மணியில் வெளிச்சம் ஓடிவிடுகிறது, படம் சேறாகிவிடுகிறது. மோனே எப்படி முடித்தார்? நான் எங்கே தப்பு செய்கிறேன்?
— செங்கல்பட்டு வாசகர்

முதலில் ஆறுதல்: உங்கள் வெளிச்சம் மோனேயின் வெளிச்சத்தைவிட நிஜமாகவே வேகமாக ஓடுகிறது. ஜிவெர்னி 49 பாகை வட அட்சத்தில் இருக்கிறது, நீங்கள் ஏறத்தாழ 13 பாகையில். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் 10 பாகை உயரத்திலிருந்து அடிவானம் தொட அங்கே ஒரு மணி நேரம், இங்கே சுமார் 40 நிமிடம். டிசம்பர் மத்தியானத்தில் அங்கே சூரியன் 17 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். 5 மீட்டர் போரின் நிழல் நடுப்பகலிலேயே 16 மீட்டர் நீளும். உங்கள் ஊரில் அதே நேரம் 4 மீட்டர்கூட வராது. எனவே அவரைப் போல நாள் முழுக்க உட்காரத் திட்டம் போடாதீர்கள். காலையில் சூரியன் எழுந்து ஒரு மணி நேரம், மாலையில் விழும் முன் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் உங்களுக்கு.

இரண்டாவது, அளவு. மோனேயின் போர்ப் படங்கள் சுமாராக 65க்கு 92 செ.மீ., 60க்கு 100 செ.மீ. என்ற அளவில் இருக்கும். அவர் பல நாள் திரும்பத் திரும்ப வந்தார். நீங்கள் 20க்கு 25 செ.மீ. பலகை மூன்றோடு போங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் நேரம் எழுதுங்கள்: 5.00, 5.20, 5.40. இருபது நிமிடம் ஆனதும் கையில் இருப்பது எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் நிழல்களின் வடிவத்தை மெல்லிய நீலத்தில் பூசி நிறுத்திவிடவேண்டும். அதன்பின் நிழல் நகர்ந்தாலும் தொடக்கூடாது. பெரும்பாலானவர்கள் படத்தைக் கெடுப்பது இங்கேதான். நகரும் நிழலைத் துரத்திக்கொண்டே போய், ஒரே படத்தில் மூன்று வெவ்வேறு நேரத்தைக் காட்டிவிடுவார்கள்.

சேறாவதற்குக் காரணம் ஈர வண்ணத்தின்மேல் எதிர்நிற ஈர வண்ணம். நீல நிழலின்மேல் ஆரஞ்சை இழுத்தால் பழுப்புதான் வரும். மோனேயின் படங்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அடியில் காய்ந்த தடித்த பூச்சு சொரசொரப்பாக இருக்கும். அதன்மேல் எண்ணெய் குறைந்த வண்ணத்தைத் தூரிகையைப் படுக்கவைத்து உரசியிருப்பார். மேடுகளில் மட்டும் புது நிறம் ஒட்டும், பள்ளத்தில் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். ஆரஞ்சும் நீலமும் கலக்காமல் அடுத்தடுத்து நிற்பது இப்படித்தான். அடிப்பூச்சு காயாமல் இதைச் செய்யமுடியாது. மெல்லிய பூச்சுக்கு மூன்று நான்கு நாள், தடித்ததற்கு வாரக்கணக்கு, நம் ஊர் மழைக்காலத்தில் இன்னும் அதிகம். அவரும் எல்லாவற்றையும் வயலில் முடிக்கவில்லை. கூடத்தில் படங்களை வரிசையாக வைத்து ஒன்றோடொன்று பொருந்தும்வரை திருத்தினார். வெளியில் தொடங்கி வீட்டில் முடிப்பது ஏமாற்று வேலை என்று நினைத்து நீங்கள் கஷ்டப்படுகிறீர்கள் என்றால், அந்தக் கட்டாயம் உங்களுக்கும் இல்லை.

வண்ணங்களுக்கு நீளமான பட்டியல் வேண்டாம். 1905இல் தன் வண்ணங்களைப் பற்றிக் கேட்டபோது மோனே சொன்னது ஆறுதான்: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன், அடர் மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், விரிடியன் பச்சை. ஈயமும் பாதரசமும் விஷம் என்பதால் வெள்ளைக்கு டைட்டானியம், வெர்மிலியனுக்குக் காட்மியம் சிவப்பு, வெளிச்சத்தில் வெளிறும் மேடருக்குக் குவினக்ரிடோன் வாங்குங்கள். பனி நிழலுக்கு வெள்ளை எட்டுப் பங்கு, கோபால்ட் ஒரு பங்கு, சிவப்பு தூரிகை நுனியில் எடுத்தது மட்டும். நுனிக்குமேல் எடுத்தால் நிழல் கத்தரிப்பூ நிறமாகிவிடும். கறுப்புக் குழாயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

2019இல் இதில் ஒரு படம் பல நூறு கோடிக்கு விலைபோனதாகப் படித்தேன். உண்மையா? அப்புறம் யாரோ உருளைக்கிழங்கை வீசினார்களாமே?
— கோயம்புத்தூர் வாசகர்

இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே படத்துக்கு நடந்தவை. 1890ஆம் ஆண்டுப் படம் அது. சிகாகோவின் பெர்த்தா பால்மர் 1890களிலேயே வாங்கிச் சேர்த்த போர்ப் படங்களில் ஒன்று. 2019 மே மாதம் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் கட்டணம் உட்பட 11 கோடியே 7 லட்சம் டாலருக்குப் போனது. ஏலத்தில் 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் இம்ப்ரஷனிஸ்ட் படம் என்றார்கள். 2022 அக்டோபர் 23 அன்று ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் பார்பெரினி அருங்காட்சியகத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது, காலநிலைப் போராட்டக்காரர்கள் இருவர் அதன்மேல் உருளைக்கிழங்கு மசியலை வீசினார்கள். முன்னால் கண்ணாடி இருந்ததால் வண்ணத்துக்குச் சேதமில்லை.

கூடத்தில் மாட்ட ஒரு பிரதி அச்சடிக்க ஆசை. இணையத்தில் பத்துப் படம் பார்த்தால் பத்து நிறம். எதை நம்புவது?
— ஈரோடு வாசகி

படம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறதோ அதன் சொந்தத் தளத்தில் உள்ள கோப்பை மட்டும். மோனே 1926இல் காலமானார், காப்புரிமை தீர்ந்துவிட்டது. சிகாகோ கலைக்கழகமும் மெட்ரோபாலிட்டனும் தங்களிடம் உள்ள போர்ப் படங்களைக் கட்டணமின்றித் தரவிறக்க விட்டிருக்கின்றன. 60க்கு 100 செ.மீ. நிஜ அளவில் அச்சடிக்க, அங்குலத்துக்கு 150 புள்ளி வீதம் கணக்குப் போட்டால் 3,540க்கு 5,900 புள்ளி இருக்கவேண்டும். கோப்பு அதைவிடச் சின்னதாக இருந்தால் பாதி அளவில் அச்சடியுங்கள், இழுத்துப் பெரிதாக்கவேண்டாம். தூரிகைத் தடம் வழவழப்பாகிவிடும். பளபளப்பில்லாத பருத்தித் தாளோ கேன்வாஸோ எடுங்கள். இம்ப்ரஷனிஸ்டுகள் பலர் தங்கள் படங்களுக்கு மெருகு பூச விரும்பவில்லை. பிற்பாடு மற்றவர்கள் பூசிய மெருகு பல படங்களை மஞ்சளடித்திருக்கிறது. வெயில் நேராக விழாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள். அச்சகத்தில் "கலர் கொஞ்சம் ஏத்திக் குடுக்கட்டுங்களா, பளிச்சுன்னு இருக்கும்" என்று கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.